குகைப் படிவுகளில் கிரீன்லாந்து விதி செல்லாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கிரீன்லாந்துப் பனியில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளைக் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகளை) கொண்டு பண்டைய வெப்பநிலையைக் கணிக்கும் முறை பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, தமிழில் அரிதாகவே எழுதப்படும் ஒரு துறையைத் தெளிவாக அறிமுகம் செய்தது. ஆயினும், கன ஆக்சிஜன் (ஆக்சிஜன்-18) குறைந்தால் குளிர், கூடினால் வெப்பம் என்னும் விதியை, மழைநீர் கசிந்து சொட்டி உருவாகும் இந்தியக் குகைகளின் சுண்ணாம்புப் படிவுகளுக்கும் கட்டுரையின் இறுதிப் பகுதி நீட்டியிருப்பதை ஏற்பதற்கில்லை.

இயற்கையில் உள்ள ஆக்சிஜனில் 99.76 விழுக்காடு ஆக்சிஜன்-16. ஆக்சிஜன்-18 சுமார் 0.2 விழுக்காடுதான். ஆக்சிஜன்-18 உள்ள நீர் மூலக்கூறு சற்றுக் கனமானது என்பதால் கடலிலிருந்து ஆவியாகும்போது பின்தங்குகிறது. அந்த ஆவி குளிர்ந்து மழையாகும்போதோ அந்தக் கனமான மூலக்கூறே முந்திக்கொண்டு இறங்குகிறது. 25 டிகிரி செல்சியஸில் நீருக்கும் அதனோடு சமநிலையில் இருக்கும் ஆவிக்கும் இடையே இதனால் உண்டாகும் வேறுபாடு ஆயிரத்தில் 9 பங்கு அளவே. ஆனால் துருவத்தை நோக்கிச் செல்லும் காற்று வழிநெடுகக் கனமான நீரை உதிர்த்துக்கொண்டே போவதால், எஞ்சிய ஆவி மேலும் மேலும் இலேசாகி, அண்டார்க்டிகாவின் உட்பகுதியில் விழும் பனியில் கன ஆக்சிஜன் கடல்நீரில் உள்ளதைவிட ஆயிரத்தில் 50 பங்குக்கும் கூடுதலாகக் குறைந்துவிடுகிறது. எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு ஆவி வழியிலேயே இறங்கிவிடும் என்பதால்தான் துருவப் பனி வெப்பநிலையைக் காட்டுகிறது.

இதை நிறுவிய டென்மார்க் அறிஞர் வில்லி டான்ஸ்கார்ட், 1952இல் கோபன்ஹேகனில் ஒரு பீர் பாட்டிலில் புனலைச் செருகி மழைநீர் பிடித்துத் தம் ஆய்வைத் தொடங்கினார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவரே 1964இல் வெளியிட்ட ஆய்வுரையில், வெப்பமண்டலத்தில் ஐசோடோப்பு அளவை நிர்ணயிப்பது பெரும்பாலும் வெப்பநிலையன்று, மழையின் அளவே என்றும் எடுத்துக்காட்டியிருந்தார் என்பது அந்த அளவுக்கு அறியப்படவில்லை. அங்கே ஆண்டு முழுவதும் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. பெருமழையில் கன ஆக்சிஜன் குறைந்தும், விழும்போதே ஓரளவு ஆவியாகிவிடும் சிறுதூறலில் கூடியும் காணப்படுகிறது. மேலும், நீராவி எங்கிருந்து வந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நம் தென்னிந்தியாவிலேயே வடகிழக்குப் பருவமழையில் தென்மேற்குப் பருவமழையைவிடக் கன ஆக்சிஜன் குறைவு. கங்கை, பிரம்மபுத்திரா வெள்ளம் கலந்த வங்கக்கடல் மேற்பரப்பு நீர் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. வடகிழக்குப் பருவமழை பெய்வது ஆண்டின் குளிர்ந்த பாதியில்தான் என்பதைக் கண்டு இதையும் வெப்பநிலையின் விளைவு என்று எண்ணிவிடக் கூடாது.

ஐயமிருப்பின் சீனாவில் நான்ஜிங் அருகே உள்ள ஹூலு குகையைப் பார்க்கலாம். 2001இல் வெளியான அதன் பதிவில், கிரீன்லாந்து கடுங்குளிரில் உறைந்திருந்த காலங்களில் படிவுகளின் கன ஆக்சிஜன் குறையவில்லை, கூடியிருக்கிறது. குளிரான அக்காலக்கட்டங்களில் கோடைப் பருவக்காற்று தளர்ந்து கோடை மழை குறைந்ததே அதன் பொருள் என்று ஆய்வாளர்கள் கொண்டனர். கட்டுரையாளர் தந்த விதியின்படி படித்தால் பனியுகத்தின் மிகக் குளிர்ந்த நூற்றாண்டுகள் வெப்பமானவையாகத் தோன்றிவிடும்.

ஆழ்கடல் படிவிலுள்ள நுண்ணுயிர்களின் ஓடுகளில் குளிரான காலக்கட்டங்களில் கன ஆக்சிஜன் கூடும் என்று கட்டுரை ஒரே வரியில் சொல்லிச் சென்றதும் பலரைக் குழப்பியிருக்கும். இலேசான ஆக்சிஜன் நிலத்தின் மேல் பனிப்பாளமாகத் தேங்கிவிட, கடலில் கனமானதன் பங்கு உயர்ந்தது. அந்த உயர்வில் பெரும்பகுதி நிலத்தில் தேங்கிய பனியின் மொத்த அளவைக் காட்டுவதே என்று பிரிட்டிஷ் தொல்காலநிலை ஆய்வாளர் நிக்கோலஸ் ஷாக்கிள்டன் 1967இல் விளக்கினார்.

அடுத்த பகுதியில் இந்தியக் குகைகளைத் தனியே எடுத்துக்கொள்ளப்போவதாகக் கட்டுரையாளர் அறிவித்துள்ளார். கிரீன்லாந்து, ஹூலு ஆகிய இரு பதிவுகளின் வரைபடங்களையும் ஒரே பக்கத்தில், ஒரே கால அளவுகோலில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.