ஆண்டறிக்கை 2024-25: ஒரு சக்திமான், 11 சந்தா பாக்கி

தலைவர் அண்ணன் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராமல் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் மட்டும் காட்டும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பழைய ராணுவ வண்டிகளுக்கான நம் சங்கத்தில் இந்த ஆண்டு 4 கூட்டம் நடந்தது. குடியரசு தினத்தன்று பள்ளி மைதானத்தில் 3 ஜோங்கா ஜீப்பும் ஒரு நிசான் ஒன் டன் லாரியும் நிறுத்தினோம், பிள்ளைகள் ஏறி இறங்கி ஹாரன் அடித்தார்கள். குன்னூர்ப் பயணம் மழையால் நடக்கவில்லை. ஆயுத பூஜைக்கு வழக்கம்போல் பொரி, கடலை. சரி, இனி நம் சக்திமான் லாரி விஷயத்துக்கு வருகிறேன்.

வண்டி செயலாளரான என் தோப்பில் நிற்கிறது, ஆர்.சி. என் பெயரில் இருக்கிறது. இரண்டும் உண்மைதான். நம் சங்கத்தை இன்னும் பதிவு செய்யவில்லை, அதனால் யாராவது ஒருவர் பெயரில்தான் எழுத வேண்டியிருந்தது. மரக்கடைக்காரரிடம் 14 பேர் பங்கு போட்டு வாங்கிய அன்று, யார் இடத்தில் நிறுத்துவது என்று கேட்டபோது எல்லாரும் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. 'செயலாளர் சங்கக் காசில் லாரி வாங்கிக்கொண்டார்' என்று குழுவில் எழுதிய நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அதன் அடியில் படுத்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். ஒருநாள் அதில் தென்னைக்கு எரு ஏற்றியதையும் நான் மறைக்கவில்லை, லோடு கொடுத்துப் பார்த்தால்தானே இன்ஜின் நிலவரம் தெரியும்.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜெர்மனியின் மேன் கம்பெனி உரிமத்தில் 1959-இல் ஜபல்பூரில் தொடங்கி 1996 வரை ராணுவத்துக்காகவே செய்த, நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் 4x4 லாரி இது. அதற்கப்புறம் அந்த வேலை லேலண்ட் ஸ்டாலியனுக்கும் டாடாவுக்கும் போய்விட்டது. ஸ்டாலியனுக்கு லேலண்ட் கடைகளில் பாதி சாமானாவது கிடைக்கும், சக்திமானுக்குக் கோவையில் எந்தக் கடை அலமாரியிலும் சாமான் இல்லை. உக்கடத்தில் போய், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்துக்காக 'சக்திமான் ஆயில் சீல்' என்று கேட்டால் டிவி நாடகத்தைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பெயரைச் சொல்லாமல் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று அளவைச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் எடுத்துத் தருகிறார்கள்.

அப்படித்தான் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு, அதாவது இன்ஜின் விசையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்து அனுப்பும் கியர் பெட்டிக்கு, இரண்டு தடவை சீல் மாற்றினேன். மறுநாள் காலையில் பார்த்தால் மண்ணில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு எண்ணெய்க் கறை. கழற்றிப் பார்த்தால், சீலின் உதடு உரசும் இடத்தில், உள்ளே சுழலும் இரும்பிலேயே பள்ளம் விழுந்திருக்கிறது, நகத்தை ஓட்டினால் மாட்டுகிறது. புதுச் சீலும் அதே பள்ளத்தில்தானே உட்காரும்? கணபதியில் லேத் பட்டறை அண்ணன் அந்த இடத்தைக் கடைந்து அதன்மேல் மாட்ட மெல்லிய வளையமாக ஸ்லீவ் ஒன்றை அடித்துக் கொடுத்தார். மாட்டினேன், கறை தட்டிலிருந்து சாசர் அளவுக்குக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால் கேஸின் தலையில் காற்று போக இருக்கும் பிரீதர் ஓட்டை, மிலிட்டரியில் மேலே மேலே அடித்த பச்சைப் பெயின்டிலேயே அடைபட்டுக் கிடந்தது. வண்டி ஓடிச் சூடாகும்போது உள்ளே காற்று வெளியேற வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளியிருக்கிறது. ஓட்டிச் சூடாக்கிவிட்டுக் கோணி ஊசியால் குத்தினேன், புஸ்ஸென்று காற்று வந்தது. அன்றோடு சொட்டு நின்றது. அப்படியானால் ஸ்லீவுக்குக் கொடுத்த பணம் வீண்தானே என்று பொருளாளர் கேட்கிறார். வீண் இல்லை. பள்ளத்தை அவர் விரலால் தொட்டுப் பார்க்கவில்லை.

அடுத்தது கொஞ்சம் சங்கடமான விஷயம். நம் சக்திமான் 1971 போருக்குப் போய் வந்தது என்று மரக்கடைக்காரர் சொன்னதை நம்பி, தலைவர் அண்ணன் பள்ளியில் மைக் பிடித்துப் பேசினார். பிப்ரவரியில் எஃப்.சி.க்காக சேஸிஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுக்க வேண்டியிருந்தது, தின்னரோடும் எமரித் தாளோடும் உட்கார்ந்தவன் கை சும்மா இருக்காமல் பம்பரையும் சுரண்டினேன். மரக்கடை நீலம் போய்ப் பச்சை வந்தது, அதன்மேல் மங்கலாக வெள்ளை அம்புக்குறி, அம்புக்கு அடுத்து 84. மிலிட்டரி நம்பரில் அம்பை ஒட்டி வரும் 2 இலக்கம் வண்டி வாங்கிய ஆண்டு. போர் முடிந்து 13 வருஷம் கழித்துப் பட்டாளத்தில் சேர்ந்த வண்டி இது. இதை நான் குழுவில் போட்டிருக்கக் கூடாது, அண்ணனிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறிக்கையில் 84 என்றுதான் எழுதுவேன்.

பழைய வண்டிப் பதிவு பற்றிப் பலர் கேட்கிறீர்கள். 2021-இல் வந்த விண்டேஜ் விதி 50 வயது தாண்டிய பைக்குக்கும் காருக்கும்தான், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். லாரிக்கு அதில் இடமில்லை. ராணுவம் பழைய வண்டிகளை விற்கும் ஏலம் பற்றியும் கேட்கிறீர்கள். அங்கே மொத்தமாக லாட் கட்டி, உள்ளது உள்ளபடி என்றுதான் விற்கிறார்கள், பிடித்த ஒன்றை மட்டும் பொறுக்க முடியாது. 14 பேர் சேர்ந்தாலும் ஒரு லாட் நமக்கு எட்டாது, அதிலும் 14 பேர் சேர்ந்தால்தானே.

சந்தா. 31 பேரில் 11 பேர் கட்டவில்லை, அதில் 4 பேர் போன ஆண்டும் கட்டவில்லை. பெயர் படிக்கப் போவதில்லை, இரண்டாம் வரிசையில் யாரும் நெளிய வேண்டாம். வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன, விட்ட இடத்தை நான் கைக்காசில் நிரப்பியிருக்கிறேன், பில்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் உள்ளன, பார்க்க விரும்புகிறவர்கள் தோப்புக்கு வரலாம்.

லேத் அண்ணனுக்கும், மைதானம் கொடுத்த தலைமையாசிரியருக்கும், பொறுமைக்காகப் பொருளாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் வண்டிக்கு 2 பேட்டரி, தலைக்கு மேல் ஒரு தகரக் கொட்டகை, சங்கத்துக்குப் பதிவு, இவை மூன்றும் வேண்டும். என் வீட்டில், தோப்புக் காவலுக்கு லாரி எதற்கு என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். செயலாளர் பொறுப்பை யார் கேட்டாலும் சந்தோஷமாகக் கொடுத்துவிடுகிறேன். வண்டியும் கூடவே வரும், வாசல் 10 அடி அகலம் இருந்தால் போதும், பின்னால் திருப்ப இன்னும் கொஞ்சம் வேண்டும்.