இ-பாஸில் இன்னும் நாலு வரி: கொடைக்கானல் சாலைகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய திண்டுக்கல் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், நெடுஞ்சாலைத் துறை, காவல் துறை, வனத் துறை, கொடைக்கானல் நகராட்சி அதிகாரிகளுக்கும் வணக்கம்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ், அதாவது வண்டியில் வருகிறவர்கள் இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு, நடைமுறைக்கு வந்தது. அடுத்த வருட சீசனுக்கு எண்ணிக்கையும் விதித்தார்கள்: கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 6,000. இ-பாஸ் வேண்டாம் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. ஒரு கார் நாலரை மீட்டர் என்று வைத்தால், 6,000 காரை முட்ட முட்ட நிறுத்தினால் 27 கிலோமீட்டர் வருகிறது. ஏரியைச் சுற்றும் சாலை ஐந்து கிலோமீட்டர்தான். கணக்கு வைக்காமல் முடியாது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் குறை வேறு. இ-பாஸ் வண்டி எண்ணைக் கேட்கிறது, எத்தனை பேர், எத்தனை நாள் என்று கேட்கிறது. மலையில் ஓட்டத் தெரியுமா என்று கேட்பதில்லை. மலைக்கு வருகிற ஒவ்வொரு ஓட்டுநரும் கிளம்புவதற்கு முன்னால், வீட்டில் உட்கார்ந்து, அரசாங்கம் சொல்வதைப் படிக்கிற ஒரே நேரம் அது. வழியில் வைக்கும் நூறு பலகைகள் செய்யாத வேலையை அந்தத் திரை செய்யும்.

முதலில் வழி. வத்தலக்குண்டிலிருந்து காமக்காபட்டி, டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை என்று ஏறுகிற லாஸ் காட் ரோடுதான் பெரும்பாலோருக்குத் தெரிந்தது. ஐம்பத்துச் சொச்சம் கிலோமீட்டர், 1,700 மீட்டருக்கு மேல் ஏற்றம். அகலம் பரவாயில்லை, முதல் முறை வருகிறவர்களுக்கு இதுவே சரி. பழநியிலிருந்து வருகிற 64 கிலோமீட்டர் சாலை கண்ணுக்கு இன்னும் விருந்து. பாலாறு பொருந்தலாறு அணை கீழே தட்டாகத் தெரியும். ஆனால் குறுகல், எதிரே பஸ் வந்தால் ஒருவர் ஒதுங்கி நின்றே ஆகவேண்டிய இடங்கள் உண்டு. சித்தரேவு, பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு வழியாக ஊத்துக்கு வரும் சாலை காப்பித் தோட்ட நிழலில் போகிறது, அவசரம் இல்லாதவர்களுக்கானது. பெரியகுளம் பக்கத்து அடுக்கம் சாலை தூரம் குறைவு என்று மேப் காட்டும். மழைக்காலத்தில் மண் சரிகிற ஒற்றைச் சாலை அது. மலைச் சாலை பழகாதவரை மேப் அங்கே அனுப்பி வைக்கக் கூடாது. பாஸ் போடும்போதே 'எந்த வழி' என்று கேட்டு, அன்றைக்கு எது மூடியிருக்கிறது என்று காட்டினால் பாதி சிக்கல் அடிவாரத்திலேயே தீரும்.

இந்த நாலு வழியும் பெருமாள்மலைக்குள் ஒன்றாகிவிடுகின்றன. எந்தப் பக்கம் ஏறினாலும் கடைசிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஒரே சாலை. அந்தச் சாலையின் நடுவில், ஊருக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால், ஒரு வளைவிலேயே வெள்ளி நீர்வீழ்ச்சி இருக்கிறது. ஏரியில் நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அங்கே விழுகிறது. பார்க்காமல் போ என்று யாரையும் சொல்ல முடியாது. ஆனால் அங்கே சாலையோரம் பத்துக் கார் நின்றால் பழநி ரோடும் வத்தலக்குண்டு ரோடும் சேர்ந்து நிற்கின்றன. அருவிக்கு இருபுறமும் இருநூறு மீட்டர் தூரத்துக்கு நிறுத்தத் தடை, அதைத் தாண்டி ஒரு பக்கமாக நிறுத்தும் இடம், அங்கிருந்து தடுப்புக்குள்ளே நடைபாதை. இருநூறு மீட்டர் நடந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பாஸ் சோதனையும் எப்போதும் அடிவாரத்தில் முடிந்துவிட வேண்டும். கீழே திருப்பி அனுப்பினால் வண்டி திரும்ப இடம் இருக்கிறது. மேலே திருப்பி அனுப்பினால் அந்தக் கார் பின்னுக்கு வாங்கித் திரும்புகிற வரைக்கும் மொத்த வரிசையும் காத்திருக்க வேண்டும்.

அடுத்தது இறக்கம். ஏறும்போது தப்பு செய்தால் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். இறங்கும்போது அப்படியில்லை. ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் 1,700 மீட்டர் இறங்கும்போது வெளியேற்ற வேண்டிய ஆற்றல் சுமார் 25 மெகாஜூல். ஒன்பது பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து மொத்தமாக ஆவியாக்க அது போதும். காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை இன்ஜினுக்குக் கொடுக்கலாம் அல்லது பிரேக்குக்குக் கொடுக்கலாம். சமவெளியில் ஓட்டிப் பழகியவர் நாலாவது கியரிலோ ஆட்டோமேட்டிக் காரில் 'டி'யிலோ போட்டுவிட்டு, பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறார். மொத்தமும் பிரேக்குக்குப் போகிறது.

அப்புறம் நடப்பது இரண்டு விதம். பிரேக் பேட் அளவுக்கு மீறிச் சூடானால் பிடிமானம் குறைகிறது. மிதி கெட்டியாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. இல்லாவிட்டால் பிரேக் ஆயில் கொதிக்கிறது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை 205 டிகிரி. ஈரம் உறிஞ்சிப் பழசானால் 140 வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி சேரும். மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். கருகல் வாடை வந்தவுடன் நிறுத்திவிட்டால் இரண்டையும் தவிர்க்கலாம். இடப்பக்கம் அகலமான இடத்தில் நிறுத்தி, மேனுவல் என்றால் கியரிலும் ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'யிலும் போட்டு, டயருக்குக் கல் அண்டை கொடுத்து, அரை மணி நேரம் ஆற விட வேண்டும். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, சூட்டில் கோணிவிடும். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போக வேண்டும். வளைவில் கிடக்கும் அண்டைக் கல் அடுத்து பைக்கில் வருகிறவனுக்கு வைத்த பொறி. இதைச் சொல்லித்தர ஒரு பலகைகூட இல்லாவிட்டால் எப்படி?

பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவுகிற வேக்குவம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், பவர் ஸ்டியரிங்கும் போய்விடும். இன்றைய கார்களில் கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டாலே எரிபொருள் நின்றுவிடுகிறது. அணைத்து மிச்சம் பிடிக்க ஒன்றுமே இல்லை. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜின் பிடிப்பது மிகக் குறைவு. அதில் இரண்டு பேர் ஏறிக்கொண்டு ஊத்து வரை ஒரே மூச்சில் இறங்குவது ஆபத்து. மின்சாரக் காருக்கு ஒரு புதுச் சிக்கல்: மேலே நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், இறக்கத்தில் கிடைக்கும் மின்சாரத்தைப் பேட்டரி வாங்காது, வண்டியை மோட்டார் பிடிக்காது. எண்பதில் நிறுத்திக்கொண்டு கிளம்பினால் வத்தலக்குண்டு சேரும்போது கூடுதலாகவே இருக்கும்.

இத்தனையும் பாஸில் எழுத முடியாது. நாலு வரி போதும். இப்படிப் போடலாம்:

"இறங்கும்போது இரண்டாம் கியர்; ஆட்டோமேட்டிக் என்றால் எல் அல்லது மேனுவல். ஏறிவரும் வண்டிக்கு வழி விடவும். கொண்டை ஊசி வளைவில் பஸ் வந்தால் வளைவுக்கு முன்பே நிற்கவும். கருகல் வாடை வந்தால் நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடவும்."

ஏறும் வண்டிக்கு முன்னுரிமை என்பது புதிதாக நாங்கள் கேட்பதில்லை, சாலை விதியிலேயே இருக்கிறது. ஏற்றத்தில் நின்ற லாரியை மறுபடி எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். டம்டம் பாறையிலும் ஊத்திலும் இறங்கும் பக்கத்தில் 'பிரேக் ஆற வைக்கும் இடம்' என்று பலகை வைத்துவிட்டால், எலிவால் அருவியைப் பார்க்க எப்படியும் நிற்கிறவர்கள் அந்த நேரத்தில் பிரேக்கையும் ஆற வைப்பார்கள்.

மூடுபனிக்கு ஒரு வரி தனியாக வேண்டும். ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது, லோ பீம்தான். நாலு இண்டிகேட்டரும் மினுக்கிக்கொண்டு ஓட்டினால் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது.

இனி சைக்கிள். இது பொழுதுபோக்குக்காரர்களின் ஆசை என்று தள்ளிவிடாதீர்கள். சைக்கிளுக்குச் சரியான சாலை பால்காரரின் டிவிஎஸ் ஐம்பதுக்கும் சரியான சாலைதான்.

வத்தலக்குண்டு ஏற்றத்தின் சராசரி நூறு மீட்டருக்கு நாலு மீட்டர் கூட இல்லை. சைக்கிளுக்கு இது நல்ல ஏற்றம்: முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 34 பல் இருந்தால் உட்கார்ந்தபடியே மணிக்கு ஒன்பது பத்து கிலோமீட்டரில் ஏறலாம். ஐந்து ஆறு மணி நேரம் ஆகும். விடியலுக்கு முன் கிளம்பினால் வெயிலும் கார்களும் வருவதற்குள் ஊத்தைத் தாண்டிவிடலாம். இந்த வேகத்தில் போகிறவனுக்கு ஆபத்து தார் ஓரத்தில்தான். பழைய தார் மேல் புதுத் தார் போட்டுப் போட்டு, சாலை உயர்ந்து ஓரம் பள்ளமாகிவிடுகிறது. ஒரு சாண் பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கினால் திரும்ப ஏறாது. ஆள் சாலைப் பக்கமாக விழுவான். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ஓரத்தில் கிராவல் கொட்டி, உருளை ஓட்டி, சமப்படுத்துவதையும் ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும். வடிகால் மூடியின் கம்பிகள் போகிற திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நீளவாக்கில் இருந்தால் சைக்கிள் டயர் உள்ளே இறங்கிவிடும். வேகத்தைக் குறைக்கப் போடும் வெள்ளைத் தடிப்புக் கோடுகளை இடது ஓரத்தில் ஒரு மீட்டர் விட்டுவிட்டுப் போடலாம். காருக்கு அது ஒன்றும் இல்லை. ஈரத்தில், இறக்கத்தில், இரண்டு சக்கரத்துக்கு அதுதான் வழுக்குப் பாறை.

இறங்குகிற சைக்கிள்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சக்கர விளிம்பைப் பிடிக்கிற ரிம் பிரேக் என்றால், தொடர்ந்து பிடித்தால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கும். நேரான இடத்தில் விட்டு, வளைவுக்கு முன் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, மறுபடி விட வேண்டும். வியர்த்த சட்டையோடு இறங்காதீர்கள். விரல் விறைத்தால் பிரேக்கைப் பிடிக்க முடியாது.

ஏரிச் சாலை வேறு விஷயம். 1863-இல் ஆட்சியர் லெவிஞ்ச் உருவாக்கிய ஏரி, நட்சத்திரம் மாதிரி கை நீட்டிக் கிடக்கிறது. அதனால் சாலையும் வளைந்து வளைந்து போகிறது. ஒவ்வொரு வளைவிலும் எதிரே வருவது தெரியாது. ஆனால் கிட்டத்தட்ட சமதளம். குழந்தைகள் சைக்கிள் ஓட்ட இந்த மலையில் இதைவிட நல்ல இடம் இல்லை. அதே சாலையில் வாடகை சைக்கிள், குதிரை, நடப்பவர்கள், கார், வேன் எல்லாம் சேர்ந்து போகின்றன.

நாங்கள் கேட்பது காலை ஐந்தரை முதல் எட்டு வரை, பள்ளி வண்டிகள் கிளம்புவதற்குள், ஏரிச் சாலையில் மோட்டார் வண்டி இல்லாத நேரம். ஆம்புலன்ஸ், பால் வண்டி, ஏரிக்கரையில் குடியிருப்பவர்களின் வண்டி விதிவிலக்கு. ஏரிக்கரை விடுதிகளில் தங்குகிறவர்கள் காலி செய்யும் நேரம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான், அவர்களுக்கும் இடைஞ்சல் இல்லை. சைக்கிள் வாடகைக் கடைக்காரர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் இதனால் வருமானம் குறையாது, இரண்டரை மணி நேரம் கூடும். முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் செய்து பாருங்கள்.

வாடகை சைக்கிளுக்கு நகராட்சி ஒரு சின்னச் சோதனை வைக்கலாம். மழையிலேயே நிற்கிற சைக்கிளில் பிரேக் கம்பி துருப்பிடித்து இறுகுகிறது. கை பிடிக்கும், பிரேக் கட்டை நகராது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே முன் பிரேக்கைப் பிடித்தால் பின் சக்கரம் தூக்க வேண்டும், பின் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் இழுபட வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் அந்த சைக்கிள் கடைக்குள்ளேயே இருக்கட்டும். ஏழு ரோடு சந்திப்புப் பக்க இறக்கத்துக்கு வாடகை சைக்கிளைக் கொண்டுபோகக் கூடாது என்று கடைக்காரரே சொல்லி அனுப்புவது நல்லது. குதிரைக்குப் பின்னால் நெருங்கி மணி அடிக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அது மிரண்டால் உதைக்கும்.

கடைசியாக, ஊரைத் தாண்டிப் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் இருக்கிற மேல்மலை. பேரிஜம் வனத் துறை அனுமதியோடு மட்டுமே போகிற இடம். அது அப்படியே இருக்கட்டும். பூம்பாறை, மன்னவனூர் சாலையைத்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டும். காரில் போகிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் இந்த மலையிலேயே அருமையான சாலை அதுதான் என்பது எங்கள் கட்சி. ஆனால் கொடைக்கானலைவிடப் பூம்பாறை தாழ்வான ஊர். போகும்போது ஜம்மென்று இறங்கிப் பூண்டு வயலைப் பார்த்துவிட்டு, திரும்பும்போது களைத்த காலோடு ஏற வேண்டும். அதற்குள் மூடுபனியும் இறங்கிவிடும். சாலை பிரிகிற இடத்தில் தூரத்தோடு ஏற்றத்தையும் எழுதி ஒரு பலகை, பூம்பாறையில் குடிதண்ணீர்க் குழாய் ஒன்று. காட்டெருமை சாலையைக் கடக்கிற இடங்களில் 'நிறுத்தி இன்ஜினை ஓட விடவும், இறங்கிப் படம் எடுக்க வேண்டாம்' என்று தெளிவாக ஒரு பலகை. மன்னவனூர் வரை காய்கறி லாரிகள் ஓடுகிற சாலை அது. லாரி ஒதுங்க ஒவ்வொரு குறுகலுக்கும் முன்னால் பத்து மீட்டர் அகலப்படுத்தினால் போதும், முழுச் சாலையையும் அகலப்படுத்தி மரம் வெட்ட வேண்டியதில்லை.

பாஸில் நாலு வரி சேர்ப்பதற்கும், வெள்ளி நீர்வீழ்ச்சியில் நிறுத்தத் தடைக்கும், ஏரிச் சாலையின் ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கும் டெண்டர் விட வேண்டிய அவசியமில்லை. இவை மூன்றையும் வருகிற ஏப்ரலுக்கு முன் செய்யுங்கள். தார் ஓரமும் லாரி ஒதுங்கும் இடமும் அடுத்த மழைக்குப் பிறகு போடப்போகும் மதிப்பீட்டில் இடம்பெறட்டும்.

இப்படிக்கு,
கொடைக்கானல் மலைச் சாலைகளில் வண்டியும் சைக்கிளும் ஓட்டுகிறவர்கள்