பிரம்பு நாற்காலிக்கு விலை போடும் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

முழுக்கப் பிரம்பால் ஆன அறைகலன்களுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரவேற்கிறோம். ஆனால் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் பட்டறை, வரிப்பதிவு செய்யாமலே தொழில் நடத்தலாம். அதற்கு இந்தக் குறைப்பால் ஒரு ரூபாயும் மிஞ்சாது. பிரம்பு வாங்கும்போது கட்டிய வரியும் திரும்ப வராது. சிதம்பரம் – சீர்காழி சாலையில் தைக்கால் போன்ற ஊர்களின் சிறு பட்டறைகளுக்குக் கை நஷ்டம் தொடங்குவது, பிரம்புக் கட்டுகளை எடைபோட்டு வாங்கும் இடத்தில்.

ஒரு மாதிரிக் கணக்கு. கிலோ 120 ரூபாய்க்கு ஈரப் பிரம்பு வாங்குகிறோம். காய்ந்தபின் மூன்றில் ஒரு பங்கு எடை குறைந்தால் கிலோ 180 ஆகிவிடுகிறது. வெடிப்பு, கறுப்புக் கறை, துண்டு என்று ஐந்தில் ஒரு பங்கு கழிந்தால் 225. ஆறு கிலோ பிடிக்கும் கை நாற்காலிக்குப் பிரம்புச் செலவு 1,350 ரூபாய். பலரும் 720 என்றே எழுதிக்கொள்கிறார்கள். இரண்டரை நாள் கூலி 2,000, வார்னிஷ், ஆணி, பிரம்பைச் சூடாக்கி வளைக்கும் டார்ச்சுக்கான கேஸ் 250. அடக்கம் 3,600. அதை 3,400-க்குக் கொடுத்துவிட்டு 430 ரூபாய் லாபம் என்று நினைக்கிறோம். உண்மையில் 200 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கிறது.

காயாத பிரம்பில் வேலை செய்தால் நஷ்டம் இன்னொரு முறையும் வரும். சட்டம் கட்டி முடித்தபின் அது சுருங்கும், மூட்டில் சுற்றிய கட்டு தளரும், நாற்காலி ஆடும். வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்தால் கூலியில்லாமல் சரிசெய்து தர வேண்டும். டார்ச் சூடு போதாமல் வளைத்தால் வெளிப்பக்கம் நார் பிளந்து எழும்பும், உள்பக்கம் மடியும். சூடு மிஞ்சினால் கருகி, பிறகு அதே இடத்தில் ஒடியும். அச்சிலேயே ஆறவிடாமல் எடுத்தால் வளைவு விரிந்துபோகும். துளை போடாமல் ஆணி அடித்தால் முனை பிளக்கும். இப்படிப் பிளந்தும் கருகியும் வீணாகும் கழிகள் எல்லாம் கழிவான அந்த ஐந்தில் ஒரு பங்கில்தான் சேர்கின்றன.

பூச்சி துளைத்துப் பிரம்பு பொடியாகும் உளுப்புக்கு மருந்து இருக்கிறது. 100 லிட்டர் தண்ணீரில் 3 கிலோ போராக்ஸ், 2 கிலோ போரிக் அமிலம் கரைத்து, பிரம்பை முழுக்க மூழ்க வைத்து ஊறவிட்டு, நிழலில் காயவைக்க வேண்டும். மேலே தடவினால் போதாது. உள்ளே இறங்காத மருந்தால் பயனில்லை. மழையில் நனையும் சாமானுக்கும் இது உதவாது, கரைந்து போய்விடும். நீளப் பிரம்பு மூழ்கும் அளவுக்குத் தொட்டி கட்டத் தனிப் பட்டறைக்கு இடமும் இல்லை, முதலும் இல்லை.

இந்தோனேசியா 2012-இல் கச்சாப் பிரம்பு ஏற்றுமதியைத் தடை செய்தது; அங்கிருந்து வாங்க வழியில்லை. அசாம் போன்ற தொலைதூர இடங்களிலிருந்து வரும் பிரம்புக்கு லாரி வாடகையும் சேருகிறது. வாங்கும் ஒவ்வொரு கழியும் வீணாகாமல் பார்ப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

எனவே மாவட்டத் தொழில் மையம் தனித்தனிக் கடனோடு நிற்காமல், தொழில் நடக்கும் ஊரிலேயே ஒரு பொதுக் கூடம் அமைக்க வேண்டும். கூரை போட்ட உலர்த்துமிடம், ஒரு மருந்துத் தொட்டி, தடிமன் வாரியாகப் பிரித்து அடுக்க ஒரு கிடங்கு, இவை போதும். காய்ந்த பிரம்பைத் தடிமனுக்கு ஏற்ப, கழிக்கு இவ்வளவு என்று அங்கே விற்கட்டும். ஈரத்துக்குக் காசு கொடுப்பது அன்றோடு நிற்கும்.

— பிரம்புத் தொழிலாளர் சிலர்,
சீர்காழி வட்டம்