வெண்படிவம் வேறு, துரு வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டங்களை ஒட்டிய எங்கள் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்), நீர் வடிகட்டி விற்க வீடுவீடாக வருவோர், குழாய்நீரில் இரு மின்முனைகளைச் செருகி, அது பழுப்பாகக் கலங்குவதைக் காட்டி முதியவர்களை அச்சுறுத்துகின்றனர். அந்தப் பழுப்பு நீரில் இருந்த அழுக்கன்று. நீரில் கரைந்துள்ள தாதுக்கள் மின்சாரத்தைக் கடத்துவதால், அவர்களுடைய இரும்பு முனையே கரைந்து துருவாகிறது. அவர்கள் ஒப்பிட்டுக் காட்டும் தாது நீக்கிய நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாததால் தெளிவாக நிற்கிறது. வித்தை அவ்வளவுதான்.

கெட்டிலின் அடியில் படியும் வெண்மை, நீரைக் கடினமாக்கும் கால்சியம், மக்னீசிய உப்புகளே. உலகச் சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையில் வரம்பு எதையும் விதிக்கவில்லை. நம் மலேசிய நாட்டுக் குடிநீர்த் தரநிலையோ லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. சிறிது வினிகர் ஊற்றிவைத்தால் அப்படிவம் கரைந்துவிடும்.

உண்மையில் கவலைக்குரியது, குழாய் பழுதுபார்ப்புக்குப் பிறகு வரும் செந்நிற நீர்தான். இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று அதே தரநிலை கூறுவதால், பழைய குழாய்களை மாற்றும் கால அட்டவணையையும் எங்கள் பகுதியின் நீர்ப் பரிசோதனை முடிவுகளையும் தாமான் அறிவிப்புப் பலகையில் ஒட்டுமாறு நீர் விநியோகிப்பாளரைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தாமான் குடியிருப்பாளர்,
சுங்கை சிப்புட், பேராக்