மழைக்கால ஹெட்ஜிங் அறிக்கை: கண்காணிப்புப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

முன்பேரச் சந்தைக் கண்காணிப்புப் பிரிவினருக்கு,

வணக்கம். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் வட்டாரத்துச் சிறிய செம்பனை ஆலைகளின் கணக்குப் பிரிவிலிருந்து எழுதுகிறோம். பொசிஷன் வரம்பு, அதாவது ஒருவர் வைத்திருக்கக்கூடிய முன்பேர ஒப்பந்தங்களின் உச்ச அளவு, எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. 1984-இல் கோலாலம்பூர்ச் சந்தையில் செம்பனை எண்ணெய்த் தரகர்கள் ஒப்பந்தங்களைத் தீர்க்க முடியாமல் கைவிரித்ததை இந்தத் தொழிலில் யாரும் மறக்கவில்லை. எங்கள் பேச்சு சென்ற வாரம் நீங்கள் திருப்பி அனுப்பிய ஹெட்ஜிங் அறிக்கைகளைப் பற்றி, அதாவது விலை இறங்கினாலும் நட்டப்படாமலிருக்க, வரப்போகும் எண்ணெயை முன்பேரத்தில் விற்று வைத்ததைக் காட்டும் அறிக்கைகளைப் பற்றி.

மணிக்கு 45 டன் குலை பிழியும் ஆலை தினம் 20 மணி நேரம் ஓடினால் 900 டன். நூற்றுக்கு 20 எண்ணெய் என்று வைத்தால் 180 டன். மாதத்தில் ஓடும் 25 நாளில் 4,500 டன். முன்பேர ஒப்பந்தத்தின் அலகான ஒரு லாட் 25 டன், ஆக ஆலைக்காரர்கள் 180 லாட் முன்கூட்டியே விற்று வைக்கிறார்கள். பருவமழையில் தோட்டச் சாலை மூழ்கிப் பத்து நாள் லாரி வரவில்லை என்றால் எண்ணெய் 2,700 டன்தான், அதாவது 108 லாட். குலையை முன்னதாக வெட்டிக் குவிக்கவும் வழியில்லை, கிடக்கக் கிடக்கக் கொழுப்பமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெடும். ஈடாக எண்ணெய் இல்லாததால் மீதி 72 லாட் ஒரே இரவில் உங்கள் கணக்கில் ஊக வணிகம். படிவத்தில் 'எதிர்பார்க்கும் உற்பத்தி'க்கு ஒரே எண்தான் எழுதலாம். திருத்தினால் முதலில் ஏன் தவறாகச் சொன்னீர்கள் என்று கடிதம் வருகிறது. வானத்திடம் கையெழுத்து வாங்கி இணைக்கச் சொல்லாத வரை நன்றி.

விற்று வைத்த அந்த 72 லாட்டைத் திரும்ப வாங்கிக் கணக்கை மூடத்தான் வேண்டும், மறுக்கவில்லை. உடனே மூடு என்பதுதான் இடிக்கிறது. அதே வெள்ளம் விலையையும் ஏற்றியிருக்கும். டன்னுக்கு 100 ரிங்கிட் ஏறினால் 180,000 ரிங்கிட் போச்சு. தாமதமான குலைக்கு ஈடாக அடுத்த மாத ஒப்பந்தத்தை அப்போதே விற்றுக்கொள்ள விட்டால், அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு எண்ணெய் விற்கும்போது திரும்பி வரும்.

ஆகவே ஒற்றை எண்ணுக்குப் பதில் கீழெல்லை, மேலெல்லை என இரண்டு கட்டம் கொடுங்கள். எடைமேடைச் சீட்டும் தொட்டி அளவும் வைத்துத் திருத்த, மாத முடிவுக்குப் பின் ஐந்து வேலைநாள் கொடுங்கள்.

இரண்டு தரகரிடம் பிரிந்திருக்கும் லாட்டுகளைக் கூட்டி அறிவிக்கும் பொறுப்பும் ஆலையின் தலையில்தான். பெரிய சுத்திகரிப்பு நிறுவனத்துக்கு இதற்கென்றே ஒரு மாடி இருக்கும். இங்கே லாரி எடைபோடும் கிராணியேதான் (எழுத்தர்) இரவில் படிவம் நிரப்புகிறார். அதைப் பிறகு பேசலாம். இப்போதைக்கு அந்த இரண்டு கட்டமும் ஐந்து நாளும் போதும். நவம்பர் மழைக்கு முன் பதில் அனுப்புமாறு பணிவுடன் கேட்கிறோம்.

இப்படிக்கு,
குளுவாங் வட்டார ஆலைக் கணக்கர்கள்