புறப்பாட்டையும் ஊர்வலத்தையும் குழப்ப வேண்டாமே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுவாமி கோயிலை விட்டு வெளியே வந்தாலே 'ஊர்வலம்' என்று எழுதிவிடுவது திருவிழாச் செய்திகளில் வழக்கமாகிவிட்டது. கோயில் அழைப்பிதழைப் பாருங்கள்: புறப்பாடு, வீதியுலா, எழுந்தருளல், வடம் பிடித்தல் எனத் தனித்தனியாகத்தான் இருக்கும். அலங்காரத்துக்காகப் போட்ட சொற்கள் அல்ல அவை.

'புறப்பாடு காலை 7 மணி' என்றால், அலங்காரமும் தீபாராதனையும் முடிந்து சுவாமி மண்டபத்தை விட்டுக் கிளம்பும் நேரம் 7 மணி. செய்தியில் அதுவே '7 மணிக்கு ஊர்வலம்' என்று மாறிவிட்டால், மேற்கு வீதிக்காரர் 7 மணிக்கே அர்ச்சனைத் தட்டோடு வாசலில் வந்து நிற்பார். கிழக்கு பார்த்த கோயிலில் சுவாமி கிழக்கு வீதியில் இறங்கி, தெற்கு வீதி கடந்த பிறகுதானே மேற்குக்கு வருவார்? நடுவில் சுவாமியை வரவேற்றுப் பூசை செய்யும் மண்டகப்படி ஒவ்வொன்றிலும் நிற்க வேண்டும். புறப்பாட்டு நேரத்தோடு வீதி வரிசையையும் ஒரு வரி சேர்த்துப் போட்டால் போதும்.

தேருக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். சுவாமி தேரில் எழுந்தருளுவது ஒரு நேரம். வடம் பிடிப்பது வேறொரு நேரம். தேர் சுற்றி முடித்து, தான் நிற்கும் இடமான நிலைக்கு வருவது எப்போது என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நேர் வீதியில் ஓடுகிற தேர் மூலையில்தான் மணிக்கணக்கில் நின்றுவிடும். ஒரு பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து, மறுபக்கத்தை நகர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்ப முடியும். 'தேர் ஊர்வலம் காலை 6 முதல் 10 வரை' என்று எழுதுகிறவர் தேர் திரும்புவதைப் பார்த்திருக்க மாட்டார்.

ஊர்வலம் என்ற சொல்லிலேயே 'வலம்' இருக்கிறது. கோயிலை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே திரும்புவது அது. மதுரையில் மீனாட்சி சுந்தரேசுவரர் தேர் மாசி வீதிகளைச் சுற்றி வருவதற்கு அது கச்சிதமாகப் பொருந்தும். அழகர்கோவிலிலிருந்து கள்ளழகர் மதுரைக்கு வருவதற்கு எப்படிப் பொருந்தும்? அது சுற்று அல்ல, பயணம். புறப்பாடு, மூன்றுமாவடியில் மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை, வைகையில் எழுந்தருளல் என்று அதற்கு ஊரே சொல்லும் பெயர்கள் இருக்கின்றன. அரசியல் கட்சிகள் ஓரிடத்தில் திரண்டு இன்னோரிடத்துக்கு நேராகப் போவதற்குப் 'பேரணி' இருக்கிறது. அதையும் ஊர்வலம் ஆக்க வேண்டியதில்லை. 'இறுதி ஊர்வலம்' மட்டும் நன்றாக வேரூன்றிவிட்டது. அதை இனிப் பிடுங்க முடியாது.

பவனி என்பது தேவாலயத் திருவிழாவுக்கே உரிய சொல் என்ற நினைப்பும் பரவலாக இருக்கிறது. வேளாங்கண்ணியில் செப்டம்பர் 7 மாலை நடக்கும் தேர்ப்பவனியால் அந்தச் சொல் நமக்கு அப்படிப் பழகிவிட்டது. ஆனால் திருக்குற்றாலக் குறவஞ்சியில் குற்றாலநாதர் வருவதும் பவனிதான்.

கடைசியாக ஒன்று. திருவிழாவில் வெளியே எழுந்தருளும் மூர்த்தியான உற்சவரைப் பற்றி 'உற்சவர் சிலை வாகனத்தில் வைத்து எடுத்துச் செல்லப்பட்டது' என்று எழுதும் வாக்கியத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அருங்காட்சியகத்துக்குச் சிலை போகும்போது அப்படி எழுதலாம். வீதிக்கு வரும்போது சுவாமி எழுந்தருளினார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்