ஐந்தடி தள்ளி

காரைக்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. சின்ன மாமா வீட்டுப் புதுமனை புகுவிழாப் படங்கள் வந்தன. அத்தனை பேர் நிற்கிற படத்தில் உன்னைத் தேடிப் பிடித்தேன். பெரியத்தையின் தோளுக்குப் பின்னால் நெற்றி மட்டும் தெரிகிறது. வாட்ஸ்அப்பில் உன் முகம் இருந்த இடத்தில் இப்போது ஏதோ ஒரு மலை. வீடியோவில் அழைத்தால் சிக்னல் இல்லை என்கிறாய். பெங்களூரில் கிடைக்காத சிக்னல் கானாடுகாத்தானில் கிடைக்கிறது. சரி, அது கிடக்கட்டும்.

தொழில் விஷயம் ஒன்று சொல்கிறேன். ஸ்டுடியோவில் முகம் எடுக்கும்போது 105 லென்ஸைப் போட்டுக்கொண்டு ஐந்தாறு அடி தள்ளித்தான் நிற்பேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து நீயே பார்த்திருக்கிறாய். போனின் முன்பக்கக் கேமரா அப்படியல்ல, கைக்கெட்டும் தூரத்தில் முகத்தோடு ஒட்டி நிற்கிறது. அவ்வளவு கிட்டத்தில் முன்னால் இருப்பது பெருக்கும், காது சிறுக்கும். 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள்: ஐந்தடியில் எடுத்த படத்தைவிட 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியுமாம். எந்தப் பழைய ஸ்டுடியோக்காரனைக் கேட்டிருந்தாலும் காசு வாங்காமல் சொல்லியிருப்பான்.

மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம் என்றால் டச்சிங் இல்லாமல் நான் கொடுத்ததில்லை. பரு நெகடிவில் வெளிறிய புள்ளியாக நிற்கும். மருந்து தடவிக் காயவைத்து, உப்புத்தாளில் ஊசிபோலத் தேய்த்த பென்சிலால் அந்தப் புள்ளியை நிரப்பினால் பிரிண்டில் பரு இருக்காது. ஊரில் பாதிப் பெண்களுக்குப் பரு நீக்கியவன் உன் அப்பன்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அவர்கள் படத்தை ஆல்பத்தில் ஒட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். உங்களுக்கு அந்த டச்சிங் போன் ஃபில்டரில் கண்ணெதிரிலேயே நடக்கிறது. போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் பழைய முகம். நாளெல்லாம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் எந்த அழகிக்குத்தான் தன் முகம் பிடிக்கும்?

இன்ஸ்டாகிராம்காரர்களுக்கே இது தெரிந்துதான் இருந்தது. அதன் தாய்க் கம்பெனியான பேஸ்புக்கில் வேலை பார்த்த பிரான்சிஸ் ஹாகன் என்ற அம்மாள் 2021இல் கம்பெனியின் உள் ஆய்வுகளை வெளியே கொண்டுவந்தார். தன் உடம்பை நினைத்து ஏற்கனவே நொந்திருந்த இளம்பெண்களில் மூன்றில் ஒருத்திக்கு அந்தச் செயலி நோவைக் கூட்டியதாக அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதியையும் அதே ஆண்டுதான் எல்லோருக்கும் கொடுத்தார்கள். அதைப் போட்டு வை. நேரத்துக்குச் சாப்பிடு. யாரையாவது எடுக்கச் சொல், ஐந்தடி தள்ளி நின்று.

உன் முகத்தில் மட்டும் நான் பென்சில் வைத்ததில்லை. பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் படத்தில் பருவை விட்டுவைத்தேன் என்று என்னோடு பேசாமல் இருந்தாயே! அது அப்பத்தாவின் முகம். அந்த மூக்கோடுதான் அவள் கடைவீதியில் வட்டிக்காரனை நிற்கவைத்துக் கேள்வி கேட்டாள். நீயும் இன்டர்வியூவில் அப்படித்தான் கேட்டிருப்பாய். அதனால்தான் வேலை கொடுத்தார்கள். படித்த பெண், உனக்கு நான் சொல்லவேண்டுமா?

தூக்கம் வராவிட்டால் 14416க்கு அழைக்கலாம். அரசின் டெலி மானஸ். இலவசம், தமிழிலும் பேசுவார்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்காக விசாரித்தேன்.

ஆர்.டி.யை முதிர்வுக்கு முன்பே எடுத்தால் வட்டி குறையும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை. உன் சம்பளம், உன் பணம். தேதி முடிவானால் அம்மாவிடமாவது சொல். மயக்க மருந்து கொடுத்தால் கூட ஆள் இருக்கவேண்டும் என்பார்கள். அறைத்தோழிக்கு லீவு கிடைக்குமோ கிடைக்காதோ, அவளை நம்பி இருக்காதே. ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் நான் அங்கே வந்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா